பப்ளிக்கா, பிரைவேட்டா? வன்னியில் செய்நிரல் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) முடித்தவர்களையும், வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல் நகர்ப் பொறியியற் பீடத்திலோ படிப்பவர்களையும் ஊரில் ஒரு வேலை தேடி வரும்: "தம்பி, எங்கட ஆலைக்கு நெல் கணக்குப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதித் தாரும்." நெல் ஆலையாக இருக்கலாம், பால் சேகரிப்பு நிலையமாக இருக்கலாம், கடற்றொழிலாளர் சங்கமாக இருக்கலாம். முதல் நாள் எழுதும் முதல் கிளாஸிலேயே, அதாவது தரவையும் அதைக் கையாளும் வரிகளையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் பொதியிலேயே, ஒரு கேள்வி வந்து நிற்கும். இந்த மாறி (ஓர் அளவை வைத்திருக்கும் பெயர்) பப்ளிக்கா, பிரைவேட்டா? கிளாஸுக்கு வெளியே உள்ள வரிகளும் அதைத் தொடலாமென்றால் பப்ளிக், உள்ளே உள்ளவை மட்டும் என்றால் பிரைவேட்.

"தரவை மறைப்பதற்குப் பிரைவேட்" என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். வேலையில் அது போதாது. எந்த மாறியை, யாரிடமிருந்து, எந்தக் கட்டத்தில் மறைப்பது என்று தெரிய வேண்டும். கீழே உள்ள படிகள் அதற்காகத்தான். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்: ஒரு மாறியை மாற்றக்கூடிய ஒவ்வொரு வரியும் அந்த மாறியின் கணக்குக்குப் பொறுப்பு. அந்த வரிகள் ஒரே கோப்பில் இருந்தால் பிழையை ஒரு மணித்தியாலத்தில் பிடிக்கலாம். இருபது கோப்புகளில் சிதறியிருந்தால் ஒரு கிழமை போய்விடும்.

மொழிகளின் விசைச்சொற்களை இங்கே தமிழெழுத்தில் எழுதியிருக்கிறது. கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

1. தட்டத் தொடங்கு முன் தாள்களைச் சேருங்கள்

மடிக்கணினியைத் திறக்க வேண்டாம். முதலில் ஆலைக்குப் போய் நான்கு விதமான தாள்களுக்குப் பிரதி எடுங்கள்: நிறுவைத் துண்டு, கமக்காரருக்குக் கொடுக்கும் பற்றுச்சீட்டு, முற்பணம் எழுதும் கொப்பி, நாள் முடிவில் போடும் மொத்தக் கணக்கு. ஒவ்வொன்றிலும் பழையதாக ஐந்தாறு தாள்கள் இருந்தால் நல்லது. புதுத் தாளில் வெறும் கோடுகள்தான் இருக்கும். வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை எழுதி நிரப்பிய தாள்தான் காட்டும்.

அந்தத் தாள்களில் வெட்டித் திருத்திய இடங்களைப் பாருங்கள். எடையை வெட்டிப் பக்கத்தில் வேறு எண் எழுதி, கணக்கப்பிள்ளை கையெழுத்து வைத்திருப்பார். அப்படியானால் எடை என்ற மாறி மாறக்கூடியது, ஆனால் எல்லாராலும் அல்ல, காரணம் இல்லாமலும் அல்ல. ஒருபோதும் வெட்டப்படாத இடமும் இருக்கும். துண்டு இலக்கம் அப்படியானது. அது உருவாகும்போது ஒருமுறை வைக்கப்பட்டு, பிறகு மாறவே கூடாத மாறி.

இப்போது ஒரு வெள்ளைத்தாளில் மூன்று நிரல்கள் கீறி, ஒவ்வொரு மாறிக்கும் எழுதுங்கள்: யார் வாசிப்பார்கள், யார் மாற்றுவார்கள், மாறும்போது எந்த விதி உடையக்கூடாது. ஒரு கிளாஸுக்கு அரை மணித்தியாலம் போதும். மூன்றாவது நிரல் வெறுமையாக இருக்கும் மாறிகள் மிகக் குறைவு என்பதை எழுதும்போதே கண்டுகொள்வீர்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாவா எழுதத் தேவையான ஓப்பன் ஜேடிகே, பைதன், விஷுவல் ஸ்டூடியோ கோட் எல்லாம் இலவசம். பதிவிறக்க டேட்டாவும் போட்டோப்பிரதிக் காசும்தான் உங்கள் கைச்செலவு. இவற்றுக்குக் காசு கேட்டு ஒருவர் சீடி விற்றால் வாங்காதீர்கள்.

2. எல்லாவற்றையும் பிரைவேட்டாகத் தொடங்குங்கள்

யோசித்து முடிவெடுக்க நேரமில்லை என்றால் பிரைவேட் போடுங்கள். காரணம் செலவுக் கணக்கு. இன்று பிரைவேட்டாக இருக்கும் மாறியை நாளை திறக்க ஒரு வரி போதும், எவருடைய செய்நிரலும் உடையாது. இன்று பப்ளிக்காக விட்டதை ஆறு மாதம் கழித்து மூடப் போனால், அதைத் தொட்ட ஒவ்வொரு கோப்பையும் தேடித் திருத்த வேண்டும். அதற்குள் அறிக்கை அச்சிடும் பகுதியை வேறொருவர் எழுதியிருப்பார். கைபேசிச் செயலியை இன்னொருவர் தொடங்கியிருப்பார். அவர்களுடைய கோப்புகள் உங்களிடம் இருக்காது.

பிரைவேட் மாறியை வெளியே வாசித்துக் கொடுக்கும் மெதட்டை (கிளாஸுக்குள் எழுதும் செயலை) கெற்றர் என்பார்கள். "கெற்றர் போட்டால் வேகம் குறையாதா?" என்று சிலர் தயங்குவார்கள். ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் அடிக்கடி ஓடும் சின்ன மெதட்டை இயக்கச்சூழலே அழைப்பில்லாமல் நேரடியாக உள்ளிழுத்துவிடும். ஆலைக் கணக்கில் அந்த வித்தியாசத்தை உங்களால் அளக்கவே முடியாது. வேகத்தைக் காரணம் காட்டி மாறியைத் திறக்காதீர்கள்.

3. உங்கள் மொழியில் எதுவும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. ஒன்றும் எழுதாமல் விட்ட மாறி ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

ஜாவாவில் ஒன்றும் எழுதாவிட்டால் அந்த மாறி பிரைவேட்டும் அல்ல, பப்ளிக்கும் அல்ல. அதே பேக்கேஜில், அதாவது ஒன்றாகச் சேர்த்துவைத்த கிளாஸ் தொகுதியில், உள்ள எல்லாக் கிளாஸ்களுக்கும் திறந்திருக்கும். தொடக்கத்தில் எல்லாக் கோப்புகளையும் ஒரே பேக்கேஜில் வைப்பது வழக்கம் என்பதால், நடைமுறையில் அது முழுத் திறப்புத்தான். சி ஷார்ப்பில் கிளாஸுக்குள் ஒன்றும் எழுதாத மாறி பிரைவேட். சி பிளஸ் பிளஸில் கிளாஸ் என்று தொடங்கினால் பிரைவேட், ஸ்ட்ரக்ட் என்று தொடங்கினால் பப்ளிக். கொட்லினில் எழுதாவிட்டால் பப்ளிக். டைப்ஸ்க்ரிப்ட்டிலும் அப்படியே. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: பிரைவேட் என்று எழுதினாலும் அது தொகுக்கும் நேரத்துப் பரிசோதனை (எழுதிய வரிகளைத் தொகுப்பி ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போது நடப்பது) மட்டும்தான், ஓடும்போது யாரும் தொடலாம். ஓடும்போதும் பூட்ட வேண்டுமென்றால் ஜாவாஸ்க்ரிப்ட் 2022 பதிப்பில் சேர்ந்த வழி இருக்கிறது. மாறியின் பெயருக்கு முன் ஹாஷ் குறி போடுங்கள்.

பைதனில் பிரைவேட் என்ற சொல்லே இல்லை. பெயருக்கு முன் ஒரு கீழ்க்கோடு போட்டால் "இது உள்வேலைக்கு, வெளியிலிருந்து தொடாதீர்கள்" என்ற வழக்கம். பைதன் அதைத் தடுக்காது, ஆனால் நல்ல செய்நிரலாளர் மதிப்பார். இரண்டு கீழ்க்கோடு போட்டால் பைதன் உள்ளே பெயரை மாற்றி, கிளாஸின் பெயரை முன்னால் ஒட்டிவிடும். உபகிளாஸில் (இந்தக் கிளாஸை அடியாக வைத்து விரித்தெழுதும் கிளாஸில்) தற்செயலாக அதே பெயர் வந்து மோதாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதைப் பூட்டு என்று நம்பி எல்லா மாறிக்கும் இரட்டைக் கீழ்க்கோடு போடுகிறவர்கள் பிழை தேடும்போது அவதிப்படுவார்கள். ஒற்றைக் கீழ்க்கோடு போதும்.

தமிழில் மாறிப் பெயர் வைக்க விரும்புவோருக்கு: ஜாவா, பைதன், சி ஷார்ப், ஜாவாஸ்க்ரிப்ட் நான்கும் தமிழ்ப் பெயரை ஏற்கும். கோ மொழியில் பெரும்பாலும் சரிவராது. பேக்கேஜுக்கு வெளியே தெரிவதா இல்லையா என்பதைக் கோ முதலெழுத்து ஆங்கிலத்தில் உள்ளது போன்ற பெரிய எழுத்தா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் முடிவுசெய்யும். நமது எழுத்தில் அந்த வேறுபாடு கிடையாது. அதோடு உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் கோ எழுத்தாகவே எண்ணாது, ஆகவே அவை வரும் பெயரை ஏற்காது. இன்னொரு எச்சரிக்கை: "கொ" போன்ற எழுத்தை ஒரு விசைப்பலகை ஒரே குறியாகவும் இன்னொன்று இரு துண்டாகவும் பதியும். பைதன் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஜாவா ஒன்றாக்காது. கண்ணுக்கு ஒரே பெயர், தொகுப்பிக்கு இரண்டு மாறி. ஒரு திட்டத்தில் எல்லாரும் ஒரே தட்டச்சு முறையைப் பாவியுங்கள்.

4. விதி உடையும் இடத்தை ஒரு முறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள்

ஒரு நெல்வரவை எடுப்போம். ஈர நெல்லை உலர்நிறைக்கு மாற்றி, அந்த எடைக்குக் காசு கொடுக்கும் ஆலை. ஏற்கும் ஈரப்பதம் 14 சதவீதம். கணக்குக்காகக் கிலோ 120 ரூபா என்று வைப்போம்.

எடை 1000 கிலோ, ஈரப்பதம் 20 சதவீதம். உலர்நிறை என்பது எடையை 80ஆல் (100இலிருந்து 20 போக) பெருக்கி 86ஆல் (100இலிருந்து 14 போக) வகுப்பது. 930.23 கிலோ வரும். பெறுமதி 111,627.60 ரூபா. கமக்காரர் விதைப்புக்கு வாங்கிய முற்பணம் 40,000 ரூபா. கொடுக்க வேண்டிய பாக்கி 71,627.60 ரூபா.

இப்போது எல்லா மாறியும் பப்ளிக் என்று வைப்போம். பாக்கி ஒரு மாறியாகக் கணக்கிடப்பட்டு உள்ளே கிடக்கிறது. ஈரமானி பிழை என்று தெரிந்து, மறுபடி அளந்தால் 17 சதவீதம். திருத்தம் செய்யும் திரையை எழுதியவர் ஈரப்பதம் என்ற மாறியில் 17ஐ வைத்துவிட்டுப் போய்விடுகிறார். திரையில் 17 தெரிகிறது, எல்லாருக்கும் திருப்தி. ஆனால் பாக்கி பழையபடி 71,627.60. சரியான கணக்கில் உலர்நிறை 965.12 கிலோ, பெறுமதி 115,814.40, பாக்கி 75,814.40 ரூபா. ஒரு கமக்காரரின் கையிலிருந்து 4,186.80 ரூபா சத்தமில்லாமல் போய்விட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. துண்டில் எல்லா எண்ணும் அழகாக அச்சாகியிருக்கும். இப்படியான பிழைக்காகத்தான் பிரைவேட்.

திருத்தம் இரண்டு பகுதி. முதலாவது, பாக்கியை மாறியாகவே வைக்காதீர்கள். எடை, ஈரப்பதம், விலை, முற்பணம் நான்கையும் வைத்துக்கொண்டு கேட்கும்போதெல்லாம் கணக்கிட்டுக் கொடுங்கள். வேறொன்றிலிருந்து கணக்கிடக்கூடிய எதையும் சேமிக்காவிட்டால் அது பழசாகிப் போக வழியில்லை. இரண்டாவது, மிஞ்சும் நான்கையும் பிரைவேட் ஆக்குங்கள்.

கிளாஸின் உருவம் இப்படி வரும்:

கிளாஸ் நெல்வரவு
– பிரைவேட், மாறாதது: துண்டுஇலக்கம்
– பிரைவேட்: எடைகிலோ
– பிரைவேட்: ஈரப்பதம்
– பிரைவேட்: கிலோவிலைசதம்
– பிரைவேட்: முற்பணசதம்
– பிரைவேட்: திருத்தங்கள்
– பப்ளிக் மெதட்: உலர்நிறை, பெறுமதி, பாக்கி
– பப்ளிக் மெதட்: ஈரப்பதம்திருத்து, எடைதிருத்து, முற்பணம்சேர்

காசைச் சதத்தில் முழு எண்ணாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். தசம எண்ணுக்கான டபுள் வகையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். காசுக் கணக்கில் அது ஆகாது. வெளியே ரூபாவாகக் காட்டுவது மெதட்டின் வேலை. மாறிகள் பிரைவேட்டாக இருப்பதால் உள்ளே சதமா ரூபாவா என்பது வெளியில் எவருக்கும் தெரியத் தேவையில்லை. நாளை அதை மாற்றினாலும் ஒரு கோப்புத்தான் மாறும்.

சில ஆலைகளில் உலர்நிறைச் சூத்திரம் இல்லை, ஈரத்துக்கு மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார்கள். அங்கே உலர்நிறை மெதட்டின் உள்பகுதியை மட்டும் மாற்றுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம்.

5. செற்றருக்குப் பதில் வேலையின் பெயரில் மெதட் எழுதுங்கள்

பிரைவேட் போட்டவுடன் பலர் செய்யும் அடுத்த வேலை, செய்நிரல் எழுதும் மென்பொருளில் வலது சொடுக்குச் செய்து எல்லா மாறிக்கும் கெற்றரும் செற்றரும் (மாறியில் புது அளவை வைக்கும் மெதட்டும்) உருவாக்குவது. பத்து மாறிக்கு இருபது மெதட் ஒரு விநாடியில் வந்துவிடும். பார்வைக்குப் பிரைவேட், உண்மையில் பப்ளிக். மேலே சொன்ன 4,186.80 ரூபா பிழை அந்தச் செற்றர் வழியாகவும் அப்படியே நடக்கும்.

தாளில் நடந்த வேலை என்ன? "ஈரப்பதம் திருத்தப்பட்டது, காரணம் ஈரமானிப் பிழை, திருத்தியவர் இன்னார்." ஆகவே மெதட் அந்த மூன்றையும் கேட்க வேண்டும்: புதிய அளவு, காரணம், ஆள். உள்ளே எல்லை பார்க்க வேண்டும், பழைய அளவைத் திருத்தப் பட்டியலில் எழுத வேண்டும், பிறகுதான் மாறியை மாற்ற வேண்டும். காசு கொடுத்து முடித்த துண்டென்றால் மறுக்க வேண்டும். இந்த நான்கு வரியையும் ஒவ்வொரு திரையிலும் எழுதினால் ஒன்றிலாவது விடுபடும்.

எல்லையை யார் சொல்வது என்பதிலும் கவனம். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் பதியும் ஒரு செய்நிரலை நினைத்துப் பாருங்கள். முழுக் கொள்ளளவு மட்டம் 36 அடி. புள்ளியை விட்டுவிட்டு 360 என்று தட்டினால் மறுக்க வேண்டும், சரி. ஆனால் மேல்வரம்பை 36 என்று போட்டால், வெள்ளக் காலத்தில் மட்டம் அதற்கு மேல் ஏறும் அன்று உங்கள் செய்நிரல் உண்மையான அளவை ஏற்க மறுக்கும். அந்த எண் மிக அவசியமான நாளும் அதுதான். எல்லையைத் தொழில் தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள், சந்தேகமான அளவை மறுப்பதற்குப் பதில் "உறுதிசெய்க" என்று கேட்கலாமா என்றும் யோசியுங்கள். மாறியின் பெயரிலேயே அலகையும் சேருங்கள்: நீர்மட்டஅடி. அடியும் மீற்றரும் கலந்த கணக்கு வேறெந்த வழியிலும் கண்ணில் படாது.

பைதனில் இந்தப் படி கொஞ்சம் வேறு. அங்கே சாதாரண மாறிக்குக் கெற்றர் எழுதவே வேண்டாம். திறந்த மாறியாகத் தொடங்கி, விதி தேவைப்படும் நாளில் மெதட்டுக்கு மேலே ப்ராப்பர்ட்டி என்ற அலங்கரிப்பிக் குறியைப் போட்டால், அழைக்கும் இடங்களில் ஒரு எழுத்தும் மாற வேண்டியதில்லை. ஜாவாப் பழக்கத்தைப் பைதனுக்குள் கொண்டு போனால் வரிகள்தான் கூடும். சி ஷார்ப்பில் ஆரம்பத்திலேயே ப்ராப்பர்ட்டி பாவியுங்கள், வாசிப்பைத் திறந்து எழுதுவதை மட்டும் பிரைவேட் செட் என்று மூடலாம். பப்ளிக் மாறியைப் பிறகு ப்ராப்பர்ட்டி ஆக்கினால், அதைப் பாவிக்கும் ஏற்கனவே தொகுத்த மற்ற டிஎல்எல் கோப்புகளை மறுபடி தொகுக்க வேண்டிவரும்.

6. பட்டியலைக் கொடுக்கும்போது கவனம்

திருத்தங்கள் என்ற பட்டியல் பிரைவேட். அதற்கு ஒரு கெற்றர் எழுதி அந்தப் பட்டியலையே திருப்பிக் கொடுத்தீர்கள். முடிந்தது கதை: வாங்கியவர் அதில் கிளியர் என்று அழைத்தால் உங்கள் பிரைவேட் பட்டியல் காலி. பிரைவேட் பூட்டுவது மாறியின் பெயரை மட்டும். அந்தப் பெயர் சுட்டும் பொருளை அது பூட்டாது.

ஜாவாவில் லிஸ்ட் டொட் கொப்பி ஒஃப் கொண்டு மாற்றமுடியாத பிரதியைக் கொடுங்கள். அது ஜாவா 10 முதல் இருக்கிறது. பைதனில் டியூப்பிளாக (மாற்றமுடியாத பட்டியலாக) மாற்றிக் கொடுங்கள். திகதிக்கும் இதே ஆபத்து: ஜாவாவின் பழைய டேட் கிளாஸ் உள்ளிருந்தே மாற்றப்படக்கூடியது, லோக்கல்டேட் மாறாது. புதிதாக எழுதும் எதிலும் லோக்கல்டேட்டையே பாவியுங்கள். கொன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும்போது ஓடும் பகுதி) வழியாக உள்ளே வரும் பட்டியலையும் பிரதி எடுத்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தந்தவர் கையில் அதே பட்டியல் இன்னும் இருக்கும்.

7. பப்ளிக் சரியான இடங்கள்

பப்ளிக் என்றாலே பிழை என்று ஓட வேண்டாம். மூன்று இடங்களில் அது நேர்மையான தெரிவு.

ஒன்று, உண்மையில் மாறாத எண். ஒரு ரூபாவுக்கு 100 சதம் என்பது மாறாது, பப்ளிக் ஸ்டாட்டிக் ஃபைனல் போடலாம். நெல் விலை அப்படியல்ல. காலபோகத்துக்கு ஒன்று, சிறுபோகத்துக்கு ஒன்று. ஏற்கும் ஈரப்பதத்தையும் வாங்குபவர் மாற்றலாம். இவற்றை அமைப்புக் கோப்பில் வையுங்கள். ஜாவாவில் இதில் ஒரு கண்ணி உண்டு: மாறிலி எண்ணைத் தொகுப்பி அதைப் பாவிக்கும் கிளாஸ்களுக்குள்ளேயே பதித்துவிடும். மாறிலி உள்ள கோப்பை மட்டும் திருத்தித் தொகுத்தால், மற்ற கிளாஸ்கள் பழைய எண்ணோடு ஓடும். முழுத்திட்டத்தையும் துடைத்துத் தொகுங்கள்.

இரண்டு, விதியே இல்லாத தரவுப் பொதி. ஓர் அறிக்கை வரிக்கான பெயர், ஊர், தொகை. முதலாம் படியில் எழுதிய தாளில் மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்த மாறிகள் இவை. இவற்றுக்கு ஜாவா 16 முதல் ரெக்கோர்ட் உண்டு, பைதனில் டேட்டாகிளாஸ் உண்டு.

மூன்று, இன்றைக்கு எழுதி இன்றைக்கே எறியும் ஐம்பது வரிச் செய்நிரல். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பப்ளிக்குக்கும் பிரைவேட்டுக்கும் இடைப்பட்ட ப்ரொடெக்டட் பற்றிக் கேட்பீர்கள். தொடக்கத்தில் வேண்டாம். உபகிளாஸ் எழுதுகிற எவருக்கும் அது திறந்திருக்கும், ஜாவாவில் அதே பேக்கேஜுக்கும் திறந்திருக்கும்.

8. பிரைவேட் இரகசியம் காக்காது

தரவுத்தளக் கடவுச்சொல்லைப் பிரைவேட் மாறியில் எழுதிவைத்துப் பாதுகாப்பு என்று நம்புவது ஆபத்து. தொகுத்த ஜாவாக் கோப்பைப் பிரித்து வாசிக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன, கடவுச்சொல் எழுத்தெழுத்தாகத் தெரியும். கடவுச்சொல்லைக் கணினியின் சூழல் மாறியிலோ, கிட்டில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளில்) ஏற்றாத தனிக் கோப்பிலோ வையுங்கள். பிரைவேட் என்பது சக செய்நிரலாளர் தவறுதலாகத் தொடாமல் காப்பது, அவ்வளவுதான்.

பிரைவேட் என்றால் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் என்ற எண்ணமும் தவறு. ஜாவா, சி ஷார்ப், சி பிளஸ் பிளஸில் ஒரு நெல்வரவு இன்னொரு நெல்வரவின் பிரைவேட் மாறியைத் தொடலாம். எல்லை கிளாஸ்தான். இரண்டு துண்டை ஒப்பிடும் மெதட் எழுத இது உதவும்.

9. வரும் பிழைச் செய்திகளும் செய்யக்கூடாத வைத்தியமும்

ஜாவாவில் "பிரைவேட் அக்சஸ்" என்ற சொற்கள் வரும் செய்தி, சி ஷார்ப்பில் சிஎஸ் 0122, டைப்ஸ்க்ரிப்ட்டில் டிஎஸ் 2341. மூன்றுக்கும் பொருள் ஒன்றே: பூட்டிய மாறியை வெளியிலிருந்து தொடுகிறீர்கள். சில செய்நிரல் எழுதும் மென்பொருள்கள் பக்கத்திலேயே ஒரு விளக்குப் படம் காட்டி "பப்ளிக் ஆக்கவா" என்று கேட்கும். அதை அழுத்தாதீர்கள். அந்த வரி எதற்காக மாறியைத் தேடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே செய்யும் கணக்கு இந்தக் கிளாஸுக்குள் இருந்திருக்க வேண்டியது. கணக்கை நகர்த்தினால் பிழை தானாகவே போய்விடும்.

தரவை வேறொரு செய்நிரலுக்கு அனுப்ப ஜேசன் என்ற எழுத்து வடிவமாக ஆக்கும்போதும் தடுக்கும். ஜாவாவில் அதற்கான ஜாக்சன் நூலகம் வழமையாகக் கெற்றர் வழியாகத்தான் பார்க்கும், ஆகவே கெற்றர் இல்லாத பிரைவேட் மாறிகள் வெளியே வராது. ஜீசன் நூலகம் பிரைவேட் மாறிகளை நேரடியாகவே வாசிக்கும், ஆகவே நீங்கள் அனுப்ப நினைக்காததும் போய்விடும். இரண்டுக்கும் ஒரே தீர்வு: அனுப்புவதற்கென்று தனி ரெக்கோர்ட் ஒன்று செய்து, அனுப்ப வேண்டியதை மட்டும் அதில் நிரப்புங்கள். யூனிட்டி என்ற மென்பொருளில் விளையாட்டுச் செய்பவர்கள் இன்ஸ்பெக்டரில் (அதன் மாறிகளைக் காட்டும் பலகையில்) தெரிவதற்காக மாறியைப் பப்ளிக் ஆக்குவார்கள். சீரியலைஸ்ஃபீல்ட் குறியைப் போட்டால் பிரைவேட் மாறியும் அங்கே தெரியும்.

பரிசோதனை எழுதுவதற்காகவும் திறக்க வேண்டாம். ஈரப்பதம் 17 என்று திருத்திவிட்டுப் பாக்கி 75,814.40 வருகிறதா என்று கேளுங்கள். வெளியிலிருந்து தெரியும் விடை சரியென்றால் உள்ளே எட்டிப்பார்க்கத் தேவையில்லை.

10. ஏற்கனவே எல்லாம் பப்ளிக்காக ஓடும் செய்நிரல் கையில் கிடைத்தால்

காலத்தைத் தெரிந்தெடுங்கள். தை முதல் பங்குனி வரை காலபோக அறுவடை, ஆலையில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் ஓடுகிற செய்நிரலில் கைவைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பு நடக்கும்போது ஆலையில் வரவு குறைவு. வேலையை அப்போது வையுங்கள், மார்கழி நடுப்பகுதிக்குள் முடியுங்கள். மிஞ்சும் நாட்கள் பழைய துண்டுகளைப் போட்டுச் சரிபார்க்க.

ஒரு நாளில் எல்லாவற்றையும் பூட்ட வேண்டாம். காசோடு நேரடியாகத் தொடர்புள்ள மாறியிலிருந்து தொடங்குங்கள், இங்கே பாக்கி. முதலில் கிட்டில் ஒரு கொமிட், அதாவது இப்போதைய நிலையின் பதிவு. பிறகு அந்த ஒரு மாறியை மட்டும் பிரைவேட் ஆக்கித் தொகுங்கள். வரும் பிழைப் பட்டியலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தொடும் இடங்களின் முழு விபரமும் அதுதான். வாசிக்கும் இடங்களுக்கு மெதட் கொடுங்கள். எழுதும் இடங்களை ஒவ்வொன்றாக நின்று பாருங்கள், ஏனென்றால் பழைய கணக்குப் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பைதனிலும் ஜாவாஸ்க்ரிப்ட்டிலும் இப்படி ஒரு பட்டியலைத் தரும் தொகுப்பி இல்லை. பெயரை மாற்றி, பழைய பெயரைத் திட்டம் முழுவதும் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரு மாறி முடிந்ததும், முதலாம் படியில் பிரதி எடுத்த பழைய பற்றுச்சீட்டுகளை மறுபடி உள்ளிட்டு, தாளில் உள்ள தொகையோடு சதம் வரைக்கும் ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் கொமிட், பிறகு அடுத்த மாறி. ஒத்துவராவிட்டால் செய்நிரலைத் திருத்து முன் கணக்கப்பிள்ளையிடம் தாளைக் காட்டிக் கேளுங்கள். தாள்தான் பிழை என்றும் வரும், அப்போது அந்தக் கமக்காரருக்குச் சேர வேண்டிய மிச்சத்தை ஆலை உரிமையாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.